திடலுக்குள் பெண்கள் வரக்கூடாது, நடுவரைத் தவிர

என்னை ஆணாக்குவதற்கு அந்த ஊர்க் கமிட்டிக்கு ஒன்றரை மணி நேரம் பிடித்ததாம். கூட்டம் போட்டு, டீ குடித்து, இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய், அவர்களைச் சமாதானப்படுத்திக் கூட்டி வந்து, கடைசியில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்: விசில் வைத்திருக்கிறவர் பெண் கணக்கில் வரமாட்டார். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு இப்படி ஒரு பதவி உயர்வு.

என் பெயர் வசந்தா. கண்ணமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. விடுமுறை நாட்களில் கபடி நடுவராகவும் போவேன். ஜவ்வாது மலைமேல் ஒரு சின்ன ஊரில் திருவிழாவை ஒட்டி நடக்கும் கபடிப் போட்டிக்கு என்னை அழைத்தவர் விழாக் கமிட்டித் தலைவர் கோவிந்தன். மலையிலேயே நல்ல நடுவர்கள் இருக்கும்போது நான் எதற்கு என்று போனில் கேட்டேன்.

"போன வருசம் வந்த சாரு மூக்க ஒடச்சிட்டாங்க மேடம். அதுக்கு முன்ன வருசம் வந்தவரு பாதி ஆட்டத்துல பைக்க எடுத்துக்கினு போய்ட்டாரு. பொம்பளைன்னா எவனும் கைய வெக்க மாட்டான்."

ஒளிவுமறைவில்லாத பேச்சு எனக்குப் பிடிக்கும். வருகிறேன் என்றேன். விஷயத்தைக் கேட்ட என் வீட்டுக்காரர், "எதுக்கும் என் ஹெல்மெட்ட எடுத்துக்கினு போ," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏறிய பஸ், மலைப்பாதையில் பாதி வளைவுகள்கூடத் தாண்டவில்லை, புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. "லேடீஸ்லாம் உள்ளயே குந்துங்க, ஜென்ஸ் மட்டும் எறங்குங்க," என்றார் கண்டக்டர். ஆண்கள் எல்லோரும் இறங்கினார்கள். வண்டியைத் தள்ளவா என்றால் அதுவும் இல்லை. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சுற்றி நின்று பார்த்தார்கள். ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். உள்ளே வெந்துகொண்டிருந்த நானும் இறங்கினேன்.

"மேடம், இன்னாத்துக்கு எறங்குனீங்க? உள்ள போய் குந்துங்க," என்றார் ஒருவர்.

"நீங்க எதுக்கு எறங்குனீங்க?"

அவர் ரேடியேட்டரை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "சும்மாதான்," என்றார்.

நல்ல காற்று. சாலையோரத்தில் புங்க மரம் பூத்திருந்தது. அரை மணி நேரம் கழித்து என் இடத்துக்குத் திரும்பியபோது, பக்கத்தில் பிளாஸ்டிக் குடங்களை மடியில் அடுக்கி வைத்திருந்த பெண் கேட்டாள், "எறங்கி இன்னா பாத்தீங்க? நமக்கு இஞ்சினப் பத்தி இன்னா தெரியும்?"

"அவங்களுக்கு மட்டும் தெரியுமா?"

"அவங்களுக்கும் தெரியாது," என்று சிரித்தாள். சிரித்தாளே தவிர, அவள் இறங்கவில்லை. பஸ்ஸில் இருந்த வேறு எந்தப் பெண்ணும் இறங்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் கோவிந்தன் பைக்கோடு காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் இரண்டு போன். "வணக்கம் சார்," என்றார். என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்போதுதான் அந்த ஒன்றரை மணி நேரத் தீர்மானத்தின் கதையை, டீக்கடையில் நின்று பெருமையாகச் சொன்னார்.

ஊருக்குள் நுழையும் இடத்தில், திடலை ஒட்டி, பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். கமிட்டிக்காரர்கள் பதினெட்டுப் பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதில் நின்றார்கள். கீழே, 'நடுவர்: வசந்தா சார்' என்று சிவப்பு எழுத்து. அதற்கும் கீழே, 'பெண்கள் திடலுக்குள் வரக்கூடாது.'

"இது யாருக்கு?" என்று இரண்டாவது வரியைக் காட்டிக் கேட்டேன்.

"பொம்பளைங்களுக்கு சார்."

"அப்ப நான் யாரு?"

"நீங்க சாரு, சார்."

இந்த ஆளிடம் மூன்று நாள் குப்பை கொட்ட வேண்டும் என்று நினைத்தபோதே எனக்குத் தலை வலித்தது. திடலில் கோடு போட்டு, நான்கு மூலையிலும் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி வைத்து, ஆத்தாள் பேரில் கட்டுப் போட்டிருந்தார்கள். ஆடுகிறவர்களைத் தவிர, கமிட்டி கையால் தலைப்பாகை கட்டியவர்கள்தான் அந்தக் கட்டைத் தாண்டலாமாம். கோவிந்தன் ஒரு பச்சைத் துண்டை எடுத்து என் தலையில் சுற்றி, நுனியைச் செருகினார். நாலு பேர் கை தட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோவை இதுவரை நான் யாருக்கும் காட்டவில்லை.

நான் தங்க ஏற்பாடு செய்திருந்தது கோவிந்தனுடைய தம்பி வீட்டில். தம்பி கர்நாடகத்தில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தார். வீட்டில் அவர் மனைவி காசியம்மாவும் பத்தொன்பது வயது மகன் சக்திவேலும் மட்டும். கோவிந்தன் என்னை வாசலில் இறக்கிவிட்டு, யாரையும் பார்க்காமல் காற்றைப் பார்த்து, "சாருக்கு சுடுதண்ணி வெக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார். காசியம்மா கதவுக்குப் பின்னால் நின்று, அவர் போன பிறகு வெளியே வந்தாள். புருஷனின் அண்ணன் முன்னால் அவள் நிற்பதில்லை, அவரும் அவளோடு நேராகப் பேசுவதில்லை. இருபது வருஷமாக இப்படித்தானாம்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். நான் சும்மா சொல்லவில்லை, அந்தக் குழம்புக்காக மட்டும் மலை ஏறலாம். மூன்றாவது கரண்டி வாங்கும்போது அவள் மெதுவாக ஆரம்பித்தாள்.

"டீச்சர், போன மாசம் ஒரு மேட்ச்ல ரெய்டரு லாபில கால வெச்சிட்டாரு. தொட்டதுக்கு முன்னாடி வெச்சாரா, அப்புறம் வெச்சாரான்னு சண்ட. முன்னாடின்னா அவுட்டுதானே?"

சோற்றை விழுங்க மறந்து அவளைப் பார்த்தேன். லாபி என்கிற ஓரப் பட்டையில், யாரையாவது தொட்ட பிறகுதான் கால் வைக்கலாம். எங்கள் ஊரில் உள்ளூர் ஆட்டத்துக்கு வருகிற அம்பயர்களில் பாதிப் பேருக்கு இந்த விதி தெரியாது. "ஆடியிருக்கியா?" என்று கேட்டேன். ஏழாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஆடியிருக்கிறாள். அதற்கப்புறம் ஆட்டமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. மகனுக்கு யாரோ அனுப்பும் துண்டுத்துண்டு வீடியோக்களைப் பார்த்து மற்றதையெல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"சக்திவேலு நல்லா ஆடுவானா?"

"நல்லா ஆடுறான்னுதான் சொல்றாங்க," என்றாள். "நான் பாத்ததில்லையே டீச்சர்."

மகன் ஐந்து வருஷமாக ஊர் அணிக்கு ஆடுகிறான். வீட்டிலிருந்து திடலுக்குக் கூப்பிடு தூரம். ஒரு ஆட்டம்கூட அவள் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை அவன் திருப்பூரில் ஒரு கம்பெனி வேலைக்குப் போகிறான், ஊர் அணிக்கு இதுதான் கடைசி ஆட்டம். "ஒரே ஒரு வாட்டி நேர்ல பாத்துட்டா போதும்," என்றாள். குரலில் அழுகை எல்லாம் இல்லை. கடையில் இல்லாத சாமானைப் பற்றிச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

திடலுக்கு மேலே ஒரு பாறை இருக்கிறது, பெண்கள் அங்கே நின்று பார்க்கலாம் என்று கோவிந்தன் சொல்லியிருந்தார். சாயங்காலம் நானே ஏறிப் பார்த்தேன். அங்கிருந்து தெரிந்தது பேனரின் முதுகு. பதினெட்டு ஆண்களின் முதுகுப்பக்கத்தைத் தவிர அந்தப் பாறையிலிருந்து ஒன்றும் தெரியாது.

சனிக்கிழமை எட்டு அணிகள். காலை ஏழு மணிக்கே மைக் அலறத் தொடங்கிவிட்டது. "வசந்தா சார் அவர்கள் திடலுக்கு வரவும்." போனேன். அன்று முழுவதும் நான் சார்தான். "சார், டச்சு சார்." "சார், கோடு சார்." கூட்டத்தில் அறுநூறு பேராவது இருந்திருப்பார்கள், அத்தனையும் ஆண்கள். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன், என் மேல் ஒருவரும் கை வைக்கவில்லை. ஒரு ரெய்டர் கோபத்தில் என்னை அடிக்க ஓடி வந்து, பக்கத்தில் வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல், கும்பிட்டுவிட்டுப் போனான்.

பிரச்சினை வேறு. சாருக்கு ஒரு கழிப்பறை வேண்டும். தீர்மானம் போட்டவர்கள் இதைத் தீர்மானிக்கவில்லை. கோவிந்தனிடம் கேட்டேன். அவர் கைகாட்டிய திசையில் காடு இருந்தது, காட்டில் அறுநூறு பேரில் பாதிப் பேர் இருந்தார்கள். அதோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மலையை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கீழே எங்கள் பக்கம் இப்படி போர்டு எழுதி வைப்பதில்லை. நான் போயிருக்கிற ஒரு பெரிய மைதானத்தில் பெண்கள் கழிப்பறை உண்டு, கதவுக்குப் பூட்டும் உண்டு. சாவி வாட்ச்மேனிடம் இருக்கும், வாட்ச்மேன் சாப்பிடப் போயிருப்பார். என் பள்ளிப் பெண்கள் ஆடும்போது அப்பாக்கள் வேலிக்கு வெளியே பைக்கில் உட்கார்ந்தபடி பார்ப்பார்கள். அம்மாக்கள் வரமாட்டார்கள். யாரும் வரக்கூடாது என்று சொன்னதில்லை, ஆனாலும் வரமாட்டார்கள். போர்டு எழுதுகிற செலவுகூட எங்கள் ஊர்க்காரர்களுக்கு இல்லை.

மதியம் சாப்பாட்டுக்குத் திடலை ஒட்டிய பள்ளிக்கூடத்துப் பக்கம் போனேன். காம்பவுண்ட் சுவருக்குப் பின்னால் பெண்கள் இருபது பேர் எட்டு அணிக்கும் சமைத்துக்கொண்டிருந்தார்கள். அண்டா அண்டாவாகச் சோறு, கோழிக்குழம்பு. சுவரில் ஒரு இடத்தில் நாலு கல் பெயர்ந்த ஓட்டை. அது வழியாகத்தான் குண்டான்கள் ஆண்கள் பக்கம் போயின. ஆட்டம் முப்பது அடி தூரத்தில் நடக்கிறது, சுவர் ஆள் உயரம், ஓட்டை வழியே கூட்டத்தின் கால்கள்தான் தெரியும். புகையில் கண் சிவந்து நின்ற காசியம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"டீச்சர், இப்ப முடிஞ்ச ஆட்டத்துல நம்ம பசங்க சூப்பர் டேக்கிள் போட்டாங்கல்ல?"

"யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. சத்தம் மொதல்ல சின்னதா வந்துச்சி, ஒரு ரெண்டு செகண்டு நின்னுச்சி, அப்புறம் பெருசா வந்துச்சி. ரெண்டு பாயிண்டுன்னாதான் அப்டி கத்துவாங்க. உள்ள மூணு பேருதான் இருந்திருப்பாங்க."

சரியாகச் சொன்னாள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று ரெய்டரைப் பிடித்தால்தான் அந்த இரண்டு பாயிண்ட், அப்போது மூன்று பேர்தான் இருந்தார்கள். காலையிலிருந்து நடந்த எல்லா ஆட்டத்தின் ஸ்கோரையும், சத்தத்தை மட்டும் வைத்து, ஒன்றிரண்டு பிசகோடு சொன்னாள். எனக்கு ஆச்சரியத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. இவ்வளவு தெரிந்தவளைச் சுவருக்குப் பின்னால் வெங்காயம் உரிக்க வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவர்களை எனக்கு உதவிக்கு உட்கார வைத்திருந்தார்கள்.

அதையும் சொல்லிவிடுகிறேன். கபடியில் பக்கத்துக்கு ஒருவராக நிற்கும் இரண்டு அம்பயர்களைத் தவிர, ஆட்டக்களத்தின் இரண்டு கடைசிக் கோட்டுக்கும் பக்கத்தில் கோட்டுக்கு ஒருவர் உட்கார வேண்டும். அவுட்டானவர்களை வரிசையாக உட்கார வைப்பதும், எந்த வரிசையில் போனார்களோ அதே வரிசையில் திரும்ப உள்ளே அனுப்புவதும், பின்வாங்கும் ஆட்டக்காரன் கடைசிக் கோட்டை மிதித்தால் கை தூக்குவதும் அவர்கள் வேலை. கமிட்டி எனக்குக் கொடுத்த இரண்டு பேரில் ஒருவர் தேவலாம். இன்னொருவர் தன் மச்சானை வரிசை மாற்றி இரண்டு தடவை உள்ளே அனுப்பினார். மூன்றாம் தடவை நான் பிடித்ததும், வாயைத் திறந்தார். வாசனையைப் பார்த்து, வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

ஏன் பெண்கள் வரக்கூடாது என்று அன்று சாயங்காலம் கமிட்டிக்காரர்களையே உட்கார வைத்துக் கேட்டேன். பசங்க ட்ராயரோடு ஆடுகிறார்கள், பார்க்க நன்றாக இருக்காது என்றார் ஒருவர். அதே பசங்கள் அதே ட்ராயரோடு இந்தப் பெண்களின் வீட்டு வாசலில்தான் வளர்ந்தார்கள். கெட்ட வார்த்தை பேசுவோம் என்றார் இன்னொருவர். பேசாமல் இருக்கலாமே என்றேன், அதை ஒரு யோசனையாகவே யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆத்தாளுக்கு ஆகாது என்றார் மூன்றாமவர். ஆத்தாள் ஆணா என்று கேட்க வந்து, விருந்தாளி என்பதால் நாக்கைக் கடித்துக்கொண்டேன். கோவிந்தன் சொன்னதுதான் பெரிய காரணம்: "பெத்தவ எதிர்ல நின்னா பையன் ஆட்டம் கெட்டுடும் சார். அடிபட்டா அழுதுக்கினு உள்ள ஓடியாந்துடுவாங்க. மனசு தாங்காது."

பெண்களும் சும்மா இல்லை. குழாயடியில் ஒருத்தி என்னிடம், "எங்களுக்கு இன்னாத்துக்கு டீச்சர் அதெல்லாம்? வேல கெடக்குது," என்றாள். சொல்லிவிட்டு, குடம் நிறைந்து வழிந்தும் எடுக்காமல், "நாளைக்கு பைனல்ல யாரு யாருக்கு?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். இந்த ஊர் அணிக்கு மஞ்சள் பனியன், பக்கத்து ஊர் அணிக்கு நீலம். காலையிலேயே கோவிந்தனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: கடைசிக் கோட்டுக்கு ஒழுங்கான ஆள் இல்லாமல் நான் விசில் ஊத மாட்டேன்.

"எத்தினி பேரு வேணும் சார்? நூறு பேரு கீறான்."

"எனக்கு ஒரே ஆளுதான் வேணும். காசியம்மா."

அவர் முகம் போன போக்கை எழுதத் தெரியவில்லை. "அது பொம்பள சார்," என்றார்.

"நானு?"

"நீங்க சாரு."

"அதே மாதிரி அவங்களையும் சாராக்கிடுங்க. ஒன்றரை மணி நேரம் ஆகுமா? நான் காத்திருக்கேன்."

கமிட்டி கூடியது. நான் பக்கத்தில் பலாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எல்லாம் காதில் விழுந்தது. பெண் என்பதைக்கூட விட்டுவிட்டார்கள், இப்போது வேறு கவலை. "பெத்த புள்ள ஆடறான். அவன் அவுட்டானா கை தூக்குவாளா? எந்தத் தாய்க்குங்க மனசு வரும்?" நீல அணித் தலைவனும் வந்து இதையே சொன்னான். அது நியாயமான கேள்வி. நான் எழுந்து போய், இந்த ஊரில் சக்திவேலுக்குச் சொந்தமில்லாத ஒரு ஆளைக் காட்டுங்கள், அவரை வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒருவர் மாமன், ஒருவர் சித்தப்பன், ஒருவர் பெண் கொடுக்கக் காத்திருப்பவர். கோவிந்தனே பெரியப்பன். தேடிப் பார்த்துக் களைத்துப் போனார்கள். நீல அணித் தலைவன் என் முகத்தைப் பார்த்து, "கடைசி முடிவு நீங்கதானே டீச்சர்?" என்றான். ஆமாம் என்றேன். சரி என்று போய்விட்டான். கமிட்டியும் அரைமனதாக ஒத்துக்கொண்டு, காசியம்மாவைக் கூட்டி வர ஆள் அனுப்பியது.

தலைப்பாகை கட்டுவதில் அடுத்த சிக்கல். கட்ட வேண்டியது கமிட்டித் தலைவர். தம்பி மனைவியின் தலையை அவர் தொடக்கூடாது, எதிரிலேயே நிற்கக்கூடாது. அங்கே ஒரு கால் மணி நேரம் போயிற்று. எனக்குப் பொறுமை போய்விட்டது. என் தலையிலிருந்த பச்சைத் துண்டை அவிழ்த்து, "கமிட்டி கட்டின துண்டுதானே இது," என்று சொல்லி, காசியம்மாவின் தலையில் நானே சுற்றினேன். நுனியை அவளே செருகிக்கொண்டாள். கோவிந்தன் பேனர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் முதுகைத் தாண்டி அவள் கட்டுக்குள் கால் வைத்தாள். அந்த அறுநூறு பேரை அவ்வளவு அமைதியாக நான் அதற்கு முன்பும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.

சக்திவேல் அம்மாவைப் பார்த்தான், பார்க்காத மாதிரி குனிந்து முழங்கால் பட்டையைச் சரி செய்தான்.

முதல் ஐந்து நிமிடம் எனக்கே பயமாக இருந்தது. காசியம்மா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலை மறந்து, மகனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் பாடிப் போனதைப் பார்த்தபோது வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். தப்புச் செய்துவிட்டோமோ என்று தோன்றியது. அப்புறம் அவன் அவுட்டாகி வெளியே வந்தான். நான்கு நிமிடம் கழித்து மஞ்சள் அணிக்கு ஒரு பாயிண்ட் கிடைத்ததும், துள்ளி எழுந்து உள்ளே போகப் பார்த்தான். அவள் பென்சிலை நீட்டித் தடுத்தாள்.

"ஒனக்கு முன்னாடி அவன் அவுட்டு. நீ குந்து."

கூட்டம் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அதற்குப் பிறகு நான் அவள் பக்கம் கவலைப்பட்டுத் திரும்பவே இல்லை.

ஆட்டம் நெருக்கமாகப் போயிற்று. கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் இருபத்து நான்கு. நீல அணியின் கடைசி ரெய்டு. பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறியபோது காசியம்மாவும் நோட்டோடு மாறியிருந்ததால், மஞ்சள் அணி அப்போதும் அவள் கோட்டுப் பக்கம்தான் நின்றது. நீல ரெய்டர் உயரமானவன், நீண்ட கால். அவன் உதைத்து உதைத்து வர, சக்திவேல் பின்வாங்கிக்கொண்டே போய், சட்டென்று பாய்ந்து அவன் கணுக்காலைப் பிடித்தான். மற்ற நாலு பேரும் மேலே விழுந்தார்கள். ரெய்டர் மூச்சு விட்டான். மஞ்சள் அணி ஜெயித்துவிட்டது. கூட்டம் கத்திய கத்தலில் மைக் சத்தம் கேட்கவில்லை. வெடி கொளுத்திவிட்டார்கள்.

காசியம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

நான் விசில் ஊதினேன், யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி ஊதினேன். அம்பயர்கள் இருவரும் ரெய்டரைப் பார்த்திருக்கிறார்கள். நான் எதிர்மூலையில் இருந்தேன். ஓடிப் போய்க் கோட்டைப் பார்த்தேன். ஆறு பேர் புரண்ட இடத்தில் சுண்ணாம்பும் இல்லை, கோடும் இல்லை.

"இன்னா பாத்த?"

"குதிகால் கோட்டுக்கு வெளிய வெச்சான் டீச்சர். வெச்சதுக்கு அப்புறம்தான் புடிச்சான்."

கோட்டைத் தாண்டியவன் பிடித்தால் பிடி செல்லாது. ரெய்டர் தப்பித்தான், தாண்டியவன் அவுட், நீலத்துக்கு ஒரு பாயிண்ட், கோப்பையும் நீலத்துக்கு. இது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கமிட்டி முழுக்க உள்ளே வந்துவிட்டது. கோவிந்தன் இரண்டு எட்டு தூரத்தில், அவளுக்குப் பக்கவாட்டில் நின்று, என்னிடம் கத்தினார், "சார், அதக் கேளுங்க சார். கண்ணால பாத்துச்சா, சும்மா சொல்லுதா?"

அவள் என்னிடம் சொல்லவில்லை. இருபது வருஷத்தில் முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள், "பாத்தேன் மாமா."

நான் நீலத்தின் பக்கம் கை காட்டினேன்.

அதன் பிறகு பேசியதையெல்லாம் எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். காலையில் கமிட்டிக் கூட்டத்தில், எந்தத் தாய்க்கு மனசு வரும் என்று கேட்டாரே ஒருவர், அதே மனிதர் சாயங்காலம் மைக் பக்கத்தில் நின்று, "பெத்த தாயா இவ? இதுக்குதான் பொம்பளைங்கள விடக்கூடாதுன்றது," என்றார். நான் அவரிடம் போய், காலையில் என்ன சொன்னீர்கள் என்று ஞாபகப்படுத்தினேன். அது வேறு, இது வேறு என்றார். வேறு என்ன செய்திருந்தால் உங்களுக்குச் சரிப்பட்டிருக்கும் என்று கேட்டேன். வராமல் இருந்திருக்கலாம் என்றார். விசிலைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கோவிந்தன் என்னைத் திட்டவில்லை. அடுத்த வருஷம் கூப்பிட மாட்டோம் என்பதை மட்டும் மரியாதையாகச் சொன்னார். சொல்லும்போது "மேடம்" என்றார்.

பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டோம். வரும் வழியில் பெண்கள் ஒருவரும் எங்களோடு பேசவில்லை. குழாயடிப் பெண் மட்டும் காசியம்மாவைப் பார்த்தாள், பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். காசியம்மா வீட்டுக்குள் போய் அடுப்பு மூட்டினாள், களி கிண்டினாள். நான் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி, மகன் ஊரை விட்டுப் போகிற கடைசி நாளில் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கோட்டைப் போட்டுவிட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

சக்திவேல் விளக்குப் போட்ட பிறகுதான் வந்தான். மஞ்சள் பனியன் மண்ணோடு அப்படியே இருந்தது. உள்ளே வரவில்லை. வாசற்படியில் சாய்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான். காசியம்மா தட்டை வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"மொத பாதில," என்றான், திரும்பாமல், "அந்த நெட்டையன் வந்தப்ப எடது பக்கத்துலந்து ஒரு கால் புடிச்சேனே. அது பாத்தியா?"

நடுவராக நின்ற எனக்கு அது நினைவில்லை.

"பாத்தேன்," என்றாள் காசியம்மா. "அவன் துள்ளறதுக்கு முன்னாடியே நீ குனிஞ்சிட்ட."

அவன் திரும்பி அவளைப் பார்த்தான். "அதுக்கு அப்புறம் போனஸ் எடுத்தது?"

"அதுவும் பாத்தேன்."

உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தான். "அப்புறம் ரெண்டாவது பாதில மொத ரெய்டு," என்று ஆரம்பித்தான்.